காற்றுக்கும் கட்டணம்

மார்ச் 4: அட்டைப் பெட்டி 1000. 14,000.
ஏப்ரல் 30: 92 பார்சல், எங்கள் கணக்குப்படி. 5,520.
மே 6: அதே 92 பார்சல், கூரியர் பில். 13,800.
மே 9: பிளாஸ்டிக் கவர் 500. 1,500.

எழுதியவன் நான். கூட்டலில் பிழை இல்லை.

என் மகள் ஆயத்த ஆடை கம்பெனியில் பதினோரு வருடம் காலர் மட்டுமே தைத்தாள். ஒரு சட்டையை முழுதாகத் தைக்க அங்கே யாரையும் விடுவதில்லை. வேலையை விட்டுவிட்டு முன்னறையில் மெஷின் போட்டு, பெண் குழந்தைகளுக்குக் கவுன் தைத்து இணையத்தில் விற்கத் தொடங்கினாள்.

"இனி செத்தாலும் காலர் தைக்க மாட்டேன்ப்பா" என்றாள்.

எதில் வைத்து அனுப்புவது என்ற பேச்சு வந்தது.

"கவரே போதும்ப்பா. எல்லாரும் அதுலதான் அனுப்புறாங்க."

"நீ வச்ச சுருக்கெல்லாம் அமுங்கிப் போயிடும்மா. பெட்டிதான் சரி. எடையை நான் பார்த்துச் சொல்றேன்."

நாற்பது வருடம் கிடங்கில் எடை எழுதியவன் நான். கவுனும் பெட்டியும் சேர்ந்து 410 கிராம். அரைக் கிலோவுக்குள் அடங்கியதால் கட்டணம் அறுபது என்று சொன்னேன். மூன்று முறை நிறுத்துப் பார்த்தேன். அதை நம்பித்தான் அவள் விலை வைத்தாள்.

முதல் நாள் வந்த கூரியர்காரர் ஒரு பெட்டியைக் குலுக்கினார்.

"என்ன பெரியவரே, துணியைவிடக் காத்துதான் அதிகமா இருக்கு? காத்துக்கும் சேர்த்துக் காசு கேப்பாங்க!"

"காத்து என்ன எடை இருக்கும் தம்பி?" என்றேன். இருவரும் சிரித்தோம்.

அவர் சொன்னது வேடிக்கை இல்லை என்று மே மாத பில் வந்தபோதுதான் தெரிந்தது. பெரிய பெட்டியென்றால் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி ஐயாயிரத்தால் வகுத்து, அதையே எடையாகக் கொள்வார்களாம். எங்கள் பெட்டி 40, 30, 8 சென்டிமீட்டர். 1.92 கிலோ. கட்டணம் நூற்றைம்பது.

மகள் பில்லை நான்காக மடித்து ஊசி டப்பாவுக்குள் வைத்தாள். என்னைத் திட்டியிருக்கலாம்.

கவருக்கு மாறினோம். சுருக்குகள் நசுங்கின. 'படத்தில் பூ மாதிரி இருந்தது, வந்தது பிழிந்து போட்ட துணி' என்று ஒரு தாய் எழுதியிருந்தார். 120 கவுன்களில் 43 திரும்பி வந்தன. விற்பனைத் தளம் இரண்டு முறை எச்சரித்தது. ஒரு மாத அவகாசம் கேட்டு மகள் கடிதம் எழுதினாள்.

பதிலுக்குக் காத்திருந்த நாட்களில் மிச்சமிருந்த பெட்டிகளைச் சிறிதாக்கினோம். நான் அளந்து கோடு போட்டேன். அவள் வெட்டி ஒட்டினாள். 30, 20, 4. கவுன் கசங்காமல் உட்கார்ந்தது. 0.48 கிலோ. மார்ச்சிலேயே இதைச் செய்திருக்கலாம்.

நாற்பத்தாறாவது பெட்டியில் இருந்தபோது தபால் வந்தது. தளத்திலிருந்து எங்கள் கடையை நீக்கிவிட்டதாக இரண்டே வரி. படித்துவிட்டு, கையிலிருந்த பெட்டியை வெட்டி முடித்தாள்.

"காலர் செக்ஷன்ல ஆள் எடுக்குறாங்களாம்ப்பா" என்றாள்.

அந்தத் தபால் வந்த நாள் ஜூலை 19. அதைக் கணக்கில் நான் எழுதவில்லை.