கீழே பார்த்தால் இறங்கிவிடும் லென்ஸ்

மூக்குத்தியை உள்ளங்கை அளவுக்குப் பெரிதாகப் படம் எடுத்துப் பிழைக்கிறவர்களுக்கு முதல் எதிரி புவியீர்ப்பு விசைதான். பழைய மேக்ரோ லென்ஸோடு மாரடிக்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததா? நகை தட்டில் கிடக்கும். கேமரா மேலே கவிழ்ந்து தொங்கும். கல்லுக்கு ஃபோகஸ் வைத்துவிட்டுப் பட்டனை அழுத்துவதற்குள் லென்ஸ் தன் கனத்தில் மெல்ல இறங்கிவிடும். புதுசு வாங்கலாமே என்பவர்களோடு எனக்குப் பேச்சு கிடையாது.

முதல் சாம்பிள்

தாம்பரம் நகைக்கடை ஒன்றின் கேட்லாக் வேலை வருகிற மாதிரி இருந்தது. மேனேஜர் சேலையூரில் என் வீட்டுக்கே வந்து சாம்பிள் படங்களைப் பார்த்தார். கற்கள் எல்லாம் கலங்கல். அடியில் விரித்த வெல்வெட் மட்டும் நூல் நூலாகத் தெரிந்தது. விஜயதசமியன்று வந்து படம் எடுப்பதையே நேரில் பார்ப்பதாகவும், அன்றும் இப்படியென்றால் வேறு ஆள் என்றும் சொன்னார். வாசலில் செருப்பு மாட்டும்போது இன்னொன்றும் சொன்னார்: "துணி சூப்பரா வந்திருக்கு மேடம். ஆனா நாங்க துணிக்கடை இல்லீங்களே."

பெருங்களத்தூர் வைத்தியம்

கேமரா ரிப்பேர்க்காரர்கள் கைவிரித்ததால் பெருங்களத்தூர் பைக் மெக்கானிக்கிடம் போனேன். லென்ஸ் நகரும் தண்டின் திருகை அவர் ஒரு முறுக்கு முறுக்கினார். கிறீச்சென்று கத்தியது, ஆனால் இறங்கவில்லை. எனக்கு உயிர் வந்தது. அவருக்குத்தான் மனசு ஆறவில்லை: "இன்னாக்கா இது, ஸ்டாண்டும் இல்ல, பிரேக்கும் இல்ல! இத்த வெச்சிகினு எப்டிக்கா காலம் தள்ளிகினு கீற?"

ஆயுத பூஜை

என் வீட்டுக்காரர் இயற்பியல் வாத்தியார். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு மிக்ஸி, ஸ்கூட்டர் என்று கண்ணில் பட்டதையெல்லாம் துடைத்து எண்ணெய் போடுவார். நான் பொரி வாங்கிவருவதற்குள் என் கேமராவுக்கும் தையல் மிஷின் எண்ணெய் விட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் உட்கார்த்திவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. துடைக்கலாம் என்றால், பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாதாம். அவர் முகத்தில் மட்டும் அப்படியொரு பெருமை: "பாவம், கிறீச்சுன்னு கத்திட்டிருந்துது. இப்ப பாரு, வெண்ணெய் மாதிரி இறங்குது!"

விஜயதசமி

நல்ல நாள் என்று மேனேஜர் காலையிலேயே வந்துவிட்டார். அவசரமாகத் துடைத்துப் பார்த்தேன். எண்ணெய் திருகுக்குள் போயிருந்தது. கேமராவைக் கவிழ்த்ததும் லென்ஸ் சர்ரென்று இறங்கி மூக்குத்தியின் தலையிலேயே இடித்தது. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். போச்சு, வேலை போச்சு என்று நினைத்தேன்.

ஆத்திரத்தில் கேமராவை எடுத்து டைனிங் டேபிளில் படுக்கவைத்தேன். நேராகப் பார்க்கும் லென்ஸ் எங்கே இறங்கும்? அசையவில்லை. இப்போது மூக்குத்தி அல்லவா நிற்க வேண்டும்! கைக்கு அகப்பட்டது கத்தரிக்காய். அதில் மூக்குத்தியின் காம்பைச் செருகிப் படம் எடுத்தேன். ஏழு கல்லும் பளிச்சென்று நிற்க, பின்னால் ஊதா நிறம் மெத்தென்று விரிந்திருந்தது. மேனேஜர் படத்தைப் பார்த்தார், காயைப் பார்த்தார், குரலைத் தணித்துக்கொண்டார்: "வேலை உங்களுக்குத்தான் மேடம். எங்க ஓனர் வந்தா மட்டும் கத்தரிக்காயை ஒளிச்சு வெச்சிடுங்க."

ஆக, பிழைப்பு தப்பியது. எங்கள் வீட்டு எண்ணெய்க் கத்தரிக்காயில்தான் இப்போதெல்லாம் ஓட்டை கொஞ்சம் அதிகம்.