சிவப்பு மையில் நான் சேர்த்த வரி

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. இலங்கை மலைநாட்டில், ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் டீச்சராக இருந்தேன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. எல்லாம் தெரியும் என்ற நினைப்பு மட்டும் நிறைய இருந்தது.

பிள்ளைகள் சுற்றுவட்டாரத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து நடந்து வருவார்கள். 'நான் சென்ற பயணம்' என்று கட்டுரை எழுதச் சொன்னால், முப்பது பேரும் ஒரே கடற்கரைக்குப் போய், ஒரே அலையில் கால் நனைத்துவிட்டுத் திரும்புவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "புத்தகத்துல இருக்கறத எழுதாதீங்க. உங்களுக்கு நடந்தத நடந்த மாதிரியே எழுதுங்க" என்று சத்தம் போட்டேன்.

ஒரு பெண் அப்படியே எழுதிக்கொண்டு வந்தாள். முந்தைய வருடம் தாத்தா வழிச் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்காக, அப்பா அம்மாவோடு கப்பலேறித் திருச்சிப் பக்கம் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்த கதை. கப்பலில் அப்பா புது வேட்டியிலேயே வாந்தி எடுத்தது, அங்குள்ள பிள்ளைகள் இவளைக் 'கண்டிச்சீமைக்காரி', அதாவது இலங்கைக்காரி, என்று கேலி செய்தது, வெயில் தாங்காமல் இவள் சுருண்டு படுத்தது எல்லாம் அதில் இருந்தது. கடைசியில், ரயில் எங்கள் மலைக்கு ஏறித் திரும்புகிற இடத்தில், "வட்டவளையில் ரயிலுக்குள் குளிர் வந்தது. அம்மா சிரித்தது. நம்ம எடத்துக்கு வந்துட்டோம் என்று சொன்னது" என்று முடித்திருந்தாள்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அதோடு சும்மா இருந்தேனா? முடிவு எடுப்பாக இல்லையே என்று அந்தக் கடைசி வரிகளைச் சிவப்பு மையால் வெட்டினேன். "சொந்த ஊரைப் பிரிய மனமின்றிக் கண்ணீருடன் திரும்பினோம்" என்று எழுதினேன். பயணக் கட்டுரைகள் எல்லாம் அப்படித்தானே முடியும்!

"டீச்சர், வரப்போ நான் அழுகலீங்களே. எப்படா வருவோம்னுதான் இருந்துச்சு" என்றாள் அவள்.

"கட்டுரைன்னா அப்படித்தான் முடிக்கணும். நல்ல தாள்ல எழுதிட்டு வா" என்றேன். எழுதி வந்தாள். வகுப்புச் சுவரில் பெருமையாக ஒட்டினேன்.

தோட்டத்து மக்கள், தாங்கள் இந்த நாட்டில்தான் வாழ்கிறோம் என்று மனுப் போட்டு நிரூபிக்க வேண்டியிருந்த காலம் அது. அந்தப் பெண்ணின் அப்பாவும் பிரஜாவுரிமைக்கு, அதாவது இந்த நாட்டுக் குடியுரிமைக்கு, மனுப் போட்டிருந்தார். தோட்டத்து லயக் குடியிருப்பிலேயே பிறந்தவர், அதே மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுபவர். பிறந்த மண்ணில் இருப்பதற்கு ஒரு மனுவாம்! இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

மனுக்காரர்களின் பிள்ளைகள் இங்கேதான் படிக்கிறார்களா என்று வரவு இடாப்பைப் பார்க்க, வடக்கிலிருந்து மாற்றலாகி வந்திருந்த ஓர் அதிகாரி வந்தார். சுவரில் இருந்த கட்டுரையை நின்று படித்தார். கீழே இருந்த பெயரைப் பார்த்ததும் தாளைக் கழற்றிக் கோப்புக்குள் வைத்துக்கொண்டார். பாராட்டத்தான் கொண்டுபோகிறார் என்று நினைத்தேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அடுத்த மாத விசாரணையில் அந்தக் கடைசி வரியைத்தான் அப்பாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். சொந்த ஊர் அங்கே என்று மகளே எழுதியிருக்கும்போது இங்கே என்ன உரிமை என்று கேட்டிருக்கிறார்கள்.

மறுநாள் அந்த அப்பா வகுப்பு வாசலில் வந்து நின்றார். "கல்யாணத்துக்குப் போனத நான் மறைக்கலீங்க டீச்சர், மனுவுலயே எழுதியிருக்கேன். இந்தப் புள்ள ஏன் இப்பிடி எழுதிச்சுன்னுதான் வெளங்கலீங்க."

வீட்டில் நாலு அடி வாங்கியும் அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நடந்ததை அவரிடம் சொல்லிவிட்டு, அவள் முதலில் எழுதிய கட்டுரைக் கொப்பியை எடுத்துக்கொண்டு அவரோடு அதே அதிகாரியிடம் போனேன்.

அதிகாரி நிதானமாகப் பார்த்தார். "இதை வெட்டினது நீங்கள்தானே?"

"ஆமாம்."

"பிள்ளை எழுதினது பிழை எண்டபடியால்தானே வெட்டினீங்கள்? அப்ப நாங்கள் திருத்தினதைத்தானே எடுக்கவேணும்?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்திவிட்டேன். "கண்டிக்குக் கல்யாணத்துக்குப் போய் வந்தால் நீங்கள் கண்டிக்காரர் ஆகிவிடுவீர்களா?" என்று கேட்டேன். அவர் கோப்பை மூடினார். மனு தள்ளுபடியானது.

பத்து வருடம் ஆகிறது. அந்த மனிதர் இன்றும் அதே மலையில்தான் கவ்வாத்து வெட்டுகிறார், எந்த நாட்டுக்காரராகவும் இல்லாமல். ஒரு கட்டுரையின் கடைசி வரியை வைத்து ஒரு குடும்பத்தின் நாட்டைப் பறிக்கிற சட்டத்தை நான் மன்னிக்கப் போவதில்லை. 'நம்ம எடம்' என்று ஒரு பிள்ளை தன் கையால் எழுதிய சாட்சியை, அழகாக இல்லை என்று வெட்டிய என்னையும் என்னால் மன்னிக்க முடியவில்லை.