கண்ணாடி இல்லாத வண்டி

நான் பைக் ரேஸ் ஓட்டுகிறவன் என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எவ்ளோ ஸ்பீடு போவ?" பல்லாவரம் சிக்னலில் பழைய ஸ்கூட்டரில் காய்கறிப் பையை மாட்டிக்கொண்டு நிற்கும்போதும் கேட்பார்கள். பக்கத்தில் நிற்கும் காலேஜ் பையன் ஆக்ஸிலேட்டரை முறுக்கி முறுக்கி என்னை வம்புக்கு இழுப்பான். நான் ஓரமாக ஒதுங்கி அவனுக்கு வழி விட்டுவிடுவேன். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் ரோட்டில் சுத்தப் பயந்தாங்கொள்ளிகள். டிராக்கில் எதிரே லாரி வராது, குறுக்கே நாய் ஓடாது, விழுந்தால் ஆம்புலன்ஸ் பக்கத்திலேயே நிற்கும். ஜி.எஸ்.டி. ரோட்டில் அதெல்லாம் யார் தருவார்கள்?

அப்பாவுக்கு என் தொழில் மீது மரியாதை கிடையாது. அவர் அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். "நான் ஓட்னப்போ ஜனம் ஒரு எடத்துலேர்ந்து இன்னொரு எடத்துக்குப் போச்சு. நீ இன்னாடான்னா கெளம்புன எடத்துக்கே வந்து நிக்கிற. அதுக்கு ஒரு கப்பு வேற" என்பார். உண்மைதானே.

அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காதது வண்டியில் கண்ணாடி இல்லாததுதான். ரேஸ் வண்டியில் லைட், ஹாரன், கண்ணாடி, ஸ்டாண்ட் எதுவும் இருக்காது. எடை குறைவதற்காகச் செல்ஃப் ஸ்டார்ட்டைக்கூடக் கழற்றிவிடுவோம். தள்ளித்தான் கிளப்ப வேண்டும்.

"பின்னாடி வர்றவன எப்படிடா பாப்ப?"

"பாக்க மாட்டேன் நைனா. முந்துறவன்தான் பாத்து முந்தணும். அதான் ரூலு."

"நல்லா கீதுடா உங்க ரூலு" என்று தலையில் அடித்துக்கொண்டார். படிக்கட்டில் தொங்குகிறவர்களைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்தே வேலைக்காலம் முழுவதும் கழித்த மனிதர். ஒருத்தர் உயிரும் அவர் பஸ்ஸில் போனதில்லை.

அவருக்குச் சர்க்கரை முற்றிச் சிறுநீரகம் இரண்டும் கெட்டபோது என் வாழ்க்கையும் மாறியது. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து அனகாபுத்தூரிலிருந்து பம்மல் வழியாகப் பல்லாவரத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். உள்ளே நாற்காலியில் அவரை மெஷினோடு கட்டிப்போட்டார்கள் என்றால் வெளியே பெஞ்சில் என்னைக் கட்டிப்போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ரேஸுக்கான தகுதிச் சுற்று சனிக்கிழமைதான் நடக்கும். ரேஸ் இருக்கும் வாரங்களில் அடுத்த தெரு நண்பன் அவரைக் கூட்டிப்போவான். ஆனால் அவன்தான் என் மெக்கானிக்கும். அவன் ஆஸ்பத்திரியில் இருந்தால் என் வண்டிக்கு ஆளில்லை. எனக்கு எரிச்சல் வரும். அப்பா மீது வரும், அப்பா மீது வருகிறதே என்று என் மீதும் வரும். இதை வெளியே சொன்னால் பெற்ற பிள்ளையா இவன் என்பார்கள். சொல்லாமல் இருந்தால் மட்டும் இல்லாமல் போய்விடுமா?

பயிற்சிக்குச் சரியாக வராதவன் என்று முந்தைய வருஷமே டீம் என்னைக் கழற்றிவிட்டது. கைக்காசைப் போட்டு வண்டி வாங்கி, எங்கள் வீட்டின் கீழ்த்தளத்திலேயே நிறுத்தி, தனியாளாக ஓட்டினேன். அந்த வருஷப் போட்டிகளின் புள்ளிக் கணக்கில் இரண்டாவதாக வந்துவிட்டேன். மீதியிருந்த கடைசிப் போட்டியில் முதல் மூன்று பேருக்குள் வந்தால் அடுத்த வருஷம் சம்பளத்தோடு எடுத்துக்கொள்கிறோம் என்று வேறொரு டீமின் மேனேஜர் சொல்லியிருந்தார். எனக்கு முப்பது தாண்டிவிட்டது. இதை விட்டால் இன்னொருவர் வந்து கேட்கப்போவதில்லை என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

அந்தக் கடைசிப் போட்டி இருந்த வாரம்தான் மழை பிடித்துக்கொண்டது. புதன்கிழமை மத்தியானம் அடையாற்றுத் தண்ணீர் சந்துக்குள் நுழைந்துவிட்டது. எங்கள் பகுதிக்கு இது புதிதில்லை. ஆனால் கணுக்காலில் இருந்த தண்ணீர் சோறு தின்று எழுவதற்குள் முழங்காலுக்கு ஏறியது அதற்கு முன் நடந்ததில்லை. நண்பன் ஓடி வந்தான். மாடிக்குப் போகும் படி ஒரு ஆள் அகலம்தான். ஒரு வண்டியைத் தூக்கத்தான் நேரம் இருந்தது. நான் ஸ்கூட்டரின் ஹேண்டிலைப் பிடித்தேன். அப்பா மாடிப்படியில் நின்று கத்தினார்.

"அத்த ஏன்டா புடிக்கிற? அது பூட்டா போவுது, ஓட்ட வண்டி. உன் வண்டியத் தூக்கு!"

"நைனா, நாளைக்கு ஆஸ்பத்திரி..."

"நாளைக்கு ஆட்டோ கெடைக்காமப் பூடுமா? தூக்குடா!"

தூக்கினோம். அம்மாவும் பின்னால் ஒரு கை கொடுத்தாள். மாடி அறையில் ரேஸ் வண்டியைத் தாங்கியில் நிறுத்திவிட்டுக் கீழே எட்டிப் பார்த்தபோது ஸ்கூட்டரின் சீட் மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் தெரியவில்லை.

இரண்டு ராத்திரி அந்த ஒற்றை அறையில் நாங்கள் மூன்று பேரும் வண்டியும் இருந்தோம். கரண்ட் இல்லை, போனில் டவர் இல்லை. பெட்ரோல் வாசனையில் அம்மாவுக்குத் தலைவலி. வியாழக்கிழமை டயாலிசிஸ் போயே போய்விட்டது. அப்பாவுக்குக் குடிக்கிற தண்ணீரே அளவுதான். "ஊரே தண்ணியில மெதக்குது, எனக்கு மட்டும் ஒரு டம்ளரு" என்று சிரித்தார். சிரித்ததும் மூச்சு வாங்கியது. முகம் உப்பிக்கொண்டே வந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி தண்ணீர் மட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். சனிக்கிழமைக்குள் வடிய வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டேன். எந்த வேண்டுதல் முதலில் வந்தது என்று கேட்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை காலை தண்ணீர் வடிந்து சந்தில் சேறு மட்டும் இருந்தது, போனில் டவரும் வந்திருந்தது. ரேஸ் வண்டியை டிராக்குக்கு ஏற்றிப்போக ஒரு லோடு ஆட்டோக்காரர் சாயங்காலம் வருவதாகச் சொன்னார். அதற்கு முன்னால் அவரால் எங்கள் பக்கம் வர முடியாது. ஆம்புலன்ஸுக்குப் போன் கிடைத்தது. வரும், எப்போது என்று சொல்ல முடியாது என்றார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, ஊர் முழுக்க அதே கதை. தெருவில் இருந்த வண்டிகள் எல்லாம் முழுகி எழுந்து கிடந்தன, நண்பனுடையதும்தான். அப்பாவால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்து வாயால் மூச்சு விட்டார். சாயங்காலம் வரை தாங்க மாட்டார் என்று அம்மாவின் முகமே சொன்னது.

ஓடக்கூடிய வண்டி அந்தச் சந்தில் ஒன்றுதான் இருந்தது. அதில் ஒருத்தர்தான் உட்கார முடியும்.

சேற்றில் நடந்து வந்த நண்பன் என்னைத் தனியே கூப்பிட்டான். "மச்சான், நல்லா யோசிச்சுக்கோ. ஃபேனே இல்ல, இஞ்சின் சூடாவும். மெதுவாப் போனா கிளட்ச்சு கருகும். வேற செட்டு நம்ம கையில இல்ல. நாளைக்கு இத்த வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது."

எனக்குத் தெரியாதா? ரேஸ் வண்டியின் முதல் கியரே மற்ற வண்டிகளின் மூன்றாம் கியர் மாதிரி ஓடும். நடக்கிற வேகத்தில் போக வேண்டுமானால் கிளட்சைப் பாதி பிடித்தபடியேதான் போக வேண்டும். "எறக்கு" என்றேன். சொல்லிவிட்டு அப்பா மீது அப்படி ஒரு கோபம் வந்தது. ஸ்கூட்டரைத் தூக்கவிட்டிருந்தால் அதிலேயே கூட்டிப்போயிருக்கலாம்; தூக்கிக் காப்பாற்றிய வண்டியை இப்படி என் கையாலேயே கருகவிட வேண்டியிருக்காது.

சீட்டுக்குப் பின்னால் துருத்தி நிற்கும் ஃபைபர் கூம்பை நண்பன் கழற்றினான். அம்மா அங்கே ஒரு தலையணையை வைத்துப் பழைய புடவையால் இறுக்கிக் கட்டினாள். அப்பா தன் காக்கிப் பேண்டைப் போட்டுக்கொண்டு வந்து ஏறினார். கால் வைக்க எதுவும் இல்லை, தொங்கத்தான் வேண்டும். டயாலிசிஸ் ஊசி ஏறும் இடது கையை என் தோள் மீது சும்மா வைத்து, வலது கையால் என் இடுப்பைச் சுற்றிப் பிடித்தார்.

"நைனா, ஒண்ணு சொல்றேன். நடுவுல நின்னா அவ்ளோதான். திரும்பத் தள்ளித்தான் கெளப்பணும், அந்த ரோட்டுல தள்றதுக்கு ஆளு இருக்காது."

"நிறுத்தாத. நீ முன்னாடி பாரு, பின்னாடி நான் பாத்துக்கறேன்."

நண்பனும் பக்கத்து வீட்டுக்காரர்களும் சேற்றில் வழுக்கி வழுக்கித் தள்ளினார்கள். இரண்டாம் தடவை எஞ்சின் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்துக்குச் சந்தே வாசலுக்கு வந்துவிட்டது.

நான் ஓட்டியதிலேயே கஷ்டமான ஓட்டம் அதுதான். டயரில் வரி கிடையாது, ஈரத்தில் வழுக்குகிறது. ரோட்டில் கிடந்த மரக்கிளை, பள்ளம், பழுதாகி நிற்கும் கார்கள் என்று ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றிப் போனேன். "லாரி வருது, லெப்ட்ல ஒதுங்கு. இப்போ ஏறு, ஒருத்தனும் இல்ல" என்று அப்பா என் காதருகே சொல்லிக்கொண்டே வந்தார். ஹாரனுக்குப் பதிலாக அவரே "ஓரம், ஓரம்!" என்று கத்தினார். அதற்கு எங்கிருந்து மூச்சு வந்ததோ. பம்மலில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார். நம்பர் பிளேட் இருக்க வேண்டிய இடத்தில் ரேஸ் நம்பர் ஒட்டிய வண்டியை அவர் எப்படி விடுவார்? "ஆஸ்பத்திரி சார்! நிறுத்தினா கெளம்பாது சார்!" என்று அப்பா போட்ட சத்தத்தில் கையை இறக்கிவிட்டார்.

பம்மல் தாண்டியதும் கருகல் வாசனை எழுந்தது. கிளட்ச் போகிறது என்று தெரிந்தது. இப்போதே நிறுத்தி ஆறவிட்டால் பிளேட்டில் கொஞ்சமாவது மிஞ்சும், ஒருவேளை நாளைக்குச் சமாளிக்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது என்பதை மறைக்கவில்லை. அப்பாவின் மூச்சு என் பிடரியில் சூடாகப் பட்டுக்கொண்டிருந்தது. நான் நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் எஞ்சின் தானாகவே நின்றது.

உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். வீக்கம் எவ்வளவு என்று பார்க்க நர்ஸ் பேண்டைத் தூக்கினார். இடது காலில் துணி மேலே வந்தது. வலது காலில் வரவில்லை. காக்கித் துணி உருகிக் கெண்டைக்காலோடு ஒட்டியிருந்தது. வலது பக்கம்தான் சைலன்சர்.

"ஐயா, இது இன்னா?"

"சூடு பட்டுச்சும்மா."

"எப்போ?"

"தெரு முனை தாண்டல, அப்போவே."

"ஏன் நைனா சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவ. நின்னா எவன் வந்து தள்றது?"

மெஷின் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது. கண்ணை மூடியபடியே கேட்டார். "கிளட்ச்சு பூட்ச்சா?"

"இல்ல நைனா. நல்லாத்தான் கீது."

"யாருகிட்ட வுடற? பஸ்ஸு ஓட்னவனுக்கு அந்த நாத்தம் தெரியாதா? பம்மல் தாண்டுனதுமே வந்துச்சு." கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "நீ மட்டும் நிறுத்தினியா?"

அந்தக் கருகல் வாசனை முழுக்கக் கிளட்ச்தான் என்று நினைத்திருந்தேன்; அதில் அவர் காலும் இருந்திருக்கிறது. வெளியே வந்து, வழக்கமாக உட்காரும் அதே பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பிறகு லோடு ஆட்டோக்காரருக்குப் போன் போட்டு, சாயங்காலம் வர வேண்டாம் என்று சொன்னேன்.