படுகளத்தில் வெட்டிய அஸ்திவாரம்

லூர்துராஜின் வலக்கையை நசுக்கியவர்கள், நசுக்குவதற்கு முன் அவரிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்.

"எந்தக் கையாலடா எழுதினே?"

அது 1991ஆம் ஆண்டின் தை மாதம். சென்னையின் மேற்கு ஓரத்தில், தணிகாசலம் என்பவருக்குச் சொந்தமான இரும்பு வார்ப்பட ஆலையின் வாயிலில் காலை ஷிப்ட் மாறிக்கொண்டிருந்தது. லூர்துராஜ் அந்த ஆலையின் ஊழியர் அல்லர், நிர்வாக ஆலோசகர். தண்டலத்தில் பிறந்து, பொறியியல் படித்து, ஆலை ஆலையாகச் சென்று ஸ்டாப்வாட்ச்சும் கையுமாக நின்று, எந்த வேலைக்கு எத்தனை ஆள் அதிகம் என்று சொல்வதே அவருடைய தொழில். இரவு ஷிப்டை மூடிவிடலாம் என்று தணிகாசலத்துக்கு அவர் எழுதிக் கொடுத்த அறிக்கை முந்தின வாரம்தான் அமலுக்கு வந்திருந்தது.

ஸ்கூட்டரிலிருந்து அவரை இழுத்துத் தள்ளினார்கள். கண்ணாடி எங்கோ தெறித்தது. கேள்விக்குப் பொய் சொல்லியிருக்கலாம். அதற்கு அவகாசம் இல்லை. அவர் தம்மை அறியாமல் வலக்கையைப் பார்த்தார். அந்தப் பார்வை போதுமானதாக இருந்தது. இருவர் கையைத் தரையில் விரித்துப் பிடித்துக்கொள்ள, மூன்றாமவன் அச்சுப் பெட்டியில் மணல் இடிக்கும் இரும்புத் தடியைத் தூக்கி, மணலை இடிப்பதுபோலவே, அவசரமில்லாமல், ஒரே தாளத்தில் இடித்தான். கண்ணாடி இல்லாத கண்ணுக்கு முகம் தெரியவில்லை. மணிக்கட்டு மட்டும் அருகில் தெரிந்தது. உருகிய இரும்பு தெறித்து வெந்த தழும்பு ஒன்று அதில் வெற்றிலை அகலத்துக்குப் பளபளத்தது.

காவல் துறையிடம் லூர்துராஜ், "முகத்தைப் பார்க்கவில்லை" என்றார். அது உண்மை. தழும்பைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"இனிமே எந்த ஃபேக்டரி கேட்லயாவது உங்க ஸ்கூட்டர் நின்னுச்சின்னா, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள் மனைவி கிரேசி. அழுதுகொண்டு சொல்லவில்லை, சாதம் ஊட்டிக்கொண்டு சொன்னாள்.

கட்டுப் பிரிப்பதற்கு முன்பே தணிகாசலம் ஆப்பிள் பையோடு வந்தார். தாயார் மரகதம்மாள் பெயரில் ஓர் அறக்கட்டளை பதிவாகிக் கிடந்தது. நடத்த ஆள் இல்லை.

"ஆளை வேலையை விட்டு எடுக்கறதுக்குக் கணக்குப் போட்டீங்க. குடுக்கறதுக்கும் கணக்குத் தெரிஞ்ச ஆள்தான் சார் வேணும். மத்தவன்லாம் போட்டோவுக்குக் குடுப்பான். முதல்ல ஒரு மருத்துவமனை கட்டுங்க. அடுத்த பொங்கலுக்குள்ள கட்டடம் நிக்கணும். இல்லன்னா அந்தப் பணத்துல எங்க ஆளுங்களுக்குக் கல்யாண மண்டபம் கட்டிடுவேன். எங்க சித்தப்பா பத்து வருஷமா அதைத்தான் கேட்டுக்கினு இருக்காரு."

லூர்துராஜ் ஒப்புக்கொண்டார். அடிபட்ட பயம் ஒரு காரணம். அதை அவர் மறைத்ததில்லை. மற்றொரு காரணம், வேலை போனவர்களின் ஊர்களை அவர் அறிவார் என்பது. வேலையோடு இ.எஸ்.ஐ. மருத்துவச் சலுகையும் போய்விட்டது. வடக்குப்பட்டு கிராமத்தைத் தாண்டி உள்ளே கிடந்த நெல்லிப்பேட்டிலிருந்து மட்டும் பலர் அந்த இரவு ஷிப்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். அங்கே ஒரு பிரசவம் சிக்கலானால், டிராக்டரில் ஏற்றிக் காஞ்சிபுரம் போக வேண்டும். மருத்துவமனை அங்கேதான் அமைய வேண்டும் என்று அவர் தீர்மானித்தார். அந்த ஒரு கட்டடம் எழுந்துவிட்டால், தாம் எழுதிய அறிக்கையைத் தம்மால் மீண்டும் எடுத்துப் படிக்க முடியும் என்று நினைத்தார்.

வேலை மாறியது, வேலை செய்யும் முறை மாறவில்லை. ஆனி மாதம் அவர் நெல்லிப்பேட்டுக்கு ஸ்டாப்வாட்ச்சோடு போனார். ஊரின் ஒவ்வொரு முனையிலிருந்தும் ஒரு கர்ப்பிணி நடக்கும் வேகத்தில் தாமே நடந்து பார்த்தார். எல்லா நடையும் ஏறத்தாழச் சமமாக வந்து முடிந்த இடம், திரௌபதி அம்மன் கோயிலுக்கு எதிரே இருந்த பரந்த மேட்டு நிலம். புல்கூடச் சரியாக முளைக்காமல் கிடந்தது.

தேநீர்க் கடையில் நின்றவர்களிடம் கேட்டார். "இது யாரோட நிலம்?"

"பொறம்போக்கு சார்."

"பயிர் வைக்கிறதுண்டா?"

"இல்ல சார்."

"வேற யாராவது அனுபவிச்சிக்கிட்டிருக்காங்களா?"

"யாரும் இல்ல சார்."

மூன்றும் உண்மையான பதில்கள். கேட்டவருக்கு நான்காவது கேள்வி தோன்றவில்லை. சொன்னவர்களுக்கு, இந்தப் பக்கத்தில் பிறந்த ஒருவருக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. வருடத்தில் ஒரு நாள் அந்த நிலத்தில் துரியோதனன் படுப்பான். மண்ணால் ஆன பேருருவமாக, மல்லாந்து, கோயிலைப் பார்த்துக் கால் நீட்டிக் கிடப்பான். பாரதக் கூத்தின் கடைசி நாள் காலையில் பீமன் வேடக்காரன் அதன் மேல் ஏறித் தொடையை அடித்துப் பிளப்பான். உள்ளே புதைத்த பானை உடைந்து சிவப்பு நீர் பெருகும். அதைத் தொட்டுத்தான் பாஞ்சாலி கூந்தலை முடிவாள். அதற்குப் படுகளம் என்று பெயர். லூர்துராஜ் சிறுவனாக இருந்தபோது தண்டலத்தில் கூத்து மத்தளம் கேட்டால், அவருடைய தாய் சன்னலைச் சாத்திவிடுவாள். "அது நம்ம பண்டிகை இல்ல, ஜெபம் பண்ணு." ஓசை மட்டுமே அவருக்குத் தெரியும்.

வேறோர் ஆண்டாக இருந்திருந்தால், ஆனி மாதத்தில் அந்த மண்ணுருவத்தின் சிதிலமாவது அங்கே கிடந்திருக்கும். அந்த ஆண்டு மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த பிறகு, கூட்டம் கூடவே எல்லோரும் அஞ்சினார்கள். நெல்லிப்பேட்டார் கூத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். துரியோதனன் சாகவில்லை, பாஞ்சாலி கூந்தல் முடியவில்லை. ஊர் அந்தக் குறையைச் சுமந்துகொண்டிருந்தது. நிலம் மட்டும் சுத்தமாகக் கிடந்தது.

ஆடி மாதம், தாசில்தாரின் அனுமதி கிடைத்ததும், ஒரு காலையில் கொத்தனார் தாவீது தன் ஆட்களோடு அஸ்திவாரம் தோண்டத் தொடங்கினான். குழி இடுப்பளவு இறங்கியபோது ஊர் வந்தது.

முதலில் வந்தது கல். தாவீதின் நெற்றி பிளந்தது. அவன் குழிக்குள் சாய்ந்தான். கூலியாட்கள் வயல் பக்கம் சிதறி ஓட, துரத்திப் பிடித்து மண்வெட்டிக் காம்பால் முதுகில் விளாசினார்கள். ஒருவனுடைய முழங்கை ஒடிந்து வேறு பக்கம் திரும்பித் தொங்கியது. கலவைச் சட்டிகள் நசுங்கின. சிமெண்ட் மூட்டைகளை அரிவாளால் கிழித்தார்கள். சாம்பல் நிறப் புழுதியில் யார் யாரை அடிக்கிறார்கள் என்பதே தெரியவில்லை. குழி ஓரத்தில் நின்றவர்கள் தோண்டிப் போட்ட மண்ணைக் காலால் உள்ளே தள்ளினார்கள்.

"தோண்டினவனையே போட்டு மூடுங்கடா!"

"அண்ணே, நான் கூலிக்கு வந்தவண்ணே!" என்று தாவீது கதறினான். மண் அவன் மார்புக்கு வந்துவிட்டது. வாய்க்குள் விழுந்த மண்ணைத் துப்பித் துப்பிக் கத்தினான்.

கீற்றுக் கொட்டகையில் நின்றிருந்த லூர்துராஜுக்கு ஓட வழி இருந்தது. அறக்கட்டளையின் ஜீப் பின்னால்தான் நின்றது. அவர் குழியை நோக்கி ஓடினார். உள்ளே குதித்து, ஊனமான வலக்கையாலும் நல்ல இடக்கையாலும் தாவீதின் அக்குளைப் பற்றி இழுத்தார்.

"அவனை விடுங்க! தோண்டச் சொன்னது நான்! நான்தான் இடம் பார்த்தேன்!"

தாவீதை மேலே தள்ளிவிட்டு அவர் நிமிர்ந்தபோது, குழியின் விளிம்பில் கடப்பாரையோடு ஒருவன் நின்றான். மணிக்கட்டில் வெற்றிலை அகலத் தழும்பு. அவன் பெயர் எல்லப்பன். ஆலையில் அச்சு பிடிப்பவனாக இருந்தான். ஊரிலோ, ஆண்டுதோறும் துரியோதனனை மண்ணில் பிடிக்கும் உரிமை அவன் குடும்பத்துக்கு உரியது. ஆலையில் ஒரு வேலையை எடுத்தவர், ஊரில் மற்றொன்றையும் எடுக்க வந்து நின்றார்.

"அட, நம்ம கணக்கு சாரு!" எல்லப்பன் உண்மையிலேயே வியந்தான். "கை நல்லாயிடிச்சா? இங்கியும் வந்துட்டியா நீ?"

"ஐயா, இது மருத்துவமனை. உங்களுக்குத்தான்..."

"இன்னா எடம்னு தெரியுமாடா இது? பேப்பர்ல எழுதினு வந்து குழி வெட்டுவியா? படுகளம்டா! அவன் படுக்கற எடம்டா!"

மற்றவர்கள் லூர்துராஜை மேலே இழுத்து மல்லாத்திப் போட்டார்கள். அவர் கைகளை முகத்துக்கு மேல் குறுக்கினார்; இனி இடக்கையும் போகும் என்று நினைத்தார். எல்லப்பன் கையை அடிக்கவில்லை. கடப்பாரையைத் தலைக்கு மேல் தூக்கி, தொடையில் இறக்கினான். எலும்பு முறிந்த ஓசை கோயில் வாசல்வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். வெள்ளைக் கால்சட்டையைக் கிழித்துக்கொண்டு எலும்பின் முனை வெளியே வந்தது. இரத்தம் மேட்டில் இறங்கிக் குழிக்குள் வழிந்தது.

அப்போதுதான் கூட்டம் அடங்கியது. கோயிலைப் பார்த்துக் கால் நீட்டி, தொடை பிளந்து, அந்த மண்ணில் ஒருவன் மல்லாந்து கிடந்தான். அந்தக் காட்சியை அவர்கள் எல்லோரும் ஆண்டுதோறும் பார்த்திருந்தார்கள். பின்னாலிருந்து யாரோ, "பீமன் அட்ச்சிட்டான்டா" என்றான். ஒருவன் சிரித்தான்; உடனே நிறுத்திக்கொண்டான். எல்லப்பனின் கையிலிருந்து கடப்பாரை விழுந்தது. பெண்கள் ஓலமிட்டார்கள்.

சென்னை மருத்துவமனையில், எடை கட்டித் தொங்கவிட்ட காலோடு லூர்துராஜ் வாக்குமூலம் கொடுத்தார். தொடையை உடைத்தவன் எல்லப்பன் என்றார். தை மாதம் கையை உடைத்தவனும் அவன்தானா என்று கேட்டபோது, "அன்னைக்கு ஒரு தழும்பைப் பார்த்தேன், முகத்தைப் பார்க்கல. அதே மாதிரி தழும்பு இவர் கையில இருக்கு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்றார். எல்லப்பனைச் சிறையில் அடைத்தார்கள்.

"நீங்க கன்சல்ட்டன்டா இருந்தப்ப கை போச்சு" என்றாள் கிரேசி. "தர்மம் பண்ண வந்து கால் போச்சு. அடுத்து என்ன, சொல்லுங்க. நான் தயாரா இருந்துக்கறேன்."

தணிகாசலம் கொதித்துப் போயிருந்தார். "அதே எடத்துல, போலீஸை நிக்க வெச்சிக் கட்டுவோம் சார். இல்ல, மண்டபம்தான்."

"கட்டலாம். ஒருத்தரும் உள்ள வரமாட்டாங்க. பூட்டின கதவு மேல உங்க அம்மா பேர் இருக்கும்" என்றார் லூர்துராஜ். தணிகாசலம் போலீஸ் பேச்சை விட்டுவிட்டார். ஆனால் பொங்கல் கெடுவை அவர் தளர்த்தவில்லை.

சில வாரங்களுக்குப் பிறகு செல்லம்மாள் வந்தாள், எல்லப்பனின் மனைவி. நிறைமாதத்துக்கு இன்னும் நாளிருந்தது. வயிறு மட்டும் முன்னே வந்தது. கட்டிலருகே நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

"கும்புடறதுக்கு வர்ல. ஒரு சேதி சொல்ல வந்தேன். நிறுத்தின கூத்தைப் புரட்டாசியில முடிக்கறாங்க. பொம்மைக்கு ஆள் இல்ல. எம் புருசன் கை வெச்சாத்தான் அது துரியோதனன். வேற எவன் கை வெச்சாலும் வெறும் மண்ணு. பெயிலுக்கு நீ குறுக்க நிக்காத."

"என் தொடையை உடைச்சவரை வெளியே விடணும்கிறீங்க. மறுபடி வந்து அடிச்சா?"

"இன்னும் ஒரு கால் கீதே, அதுக்கா பயப்படற?" என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "படுகளம் முடியட்டும் சார். அப்புறம் வந்து சாட்சி சொல்லு, புடிச்சிக்கினு போவட்டும். பொம்மை படுக்காத ஊர்ல எவனும் உன்ன ஒரு செங்கல்லு வெக்க வுடமாட்டான்."

லூர்துராஜ் கேட்டார்: "வேற இடம் எது இருக்கு?"

"ஏரி மதகுக்கு இந்தாண்ட கீது. காலி எடம்."

"அங்கே வருஷத்துல ஒரு நாளாவது ஏதாவது நடக்குமா?"

செல்லம்மாள் அவரை உற்றுப் பார்த்தாள். "ஆடு மேயும்."

மதகடி ஊரின் ஒரு கோடி. மறுகோடியிலிருந்து நடப்பவர்களுக்குத் தூரம் இரட்டிப்பாகும். ஆலோசகராக இருந்திருந்தால் அந்த இடத்தை அவர் முதல் பார்வையிலேயே தள்ளியிருப்பார். அறக்கட்டளையின் தலைவராக அதற்குச் சம்மதித்தார். பிணைக்கு ஆட்சேபம் இல்லை என்று வழக்கறிஞர் மூலம் சொல்லியனுப்பினார்.

புரட்டாசியில், படுகளத்தன்று காலை, கக்கத்தில் ஊன்றுகட்டைகளோடு லூர்துராஜ் ஜீப்பை விட்டு இறங்கினார். கூட்டம் அவருக்கு வழிவிட்டது. வணங்கவும் இல்லை, வையவும் இல்லை. நெற்றியில் தழும்போடு தாவீதும் வந்திருந்தான். ஜீப்பின் மறுபக்கத்திலேயே நின்றுகொண்டான். மேட்டில் துரியோதனன் கிடந்தான். விழித்த கண், முறுக்கிய மீசை, வார்ப்பட அச்சின் வழவழப்போடு இழைத்த மார்பு. பீமன் வேடக்காரன் வெறிகொண்டு அலறியபடி அதன் மேல் ஓடினான். கதாயுதத்தை ஓங்கித் தொடையில் இறக்கினான். பானை வெடித்துச் சிவப்பு நீர் பீறிட்டது. லூர்துராஜின் தொடை தானாகத் துடித்தது. கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டார். பாஞ்சாலி கூந்தலை முடிந்தபோது குலவை எழுந்தது.

ஊரார் வீட்டு நெற்குதிருக்கென்று உருவத்திலிருந்து கைப்பிடி மண் எடுத்துப் போன பிறகு எல்லப்பன் அருகில் வந்தான்.

"உன் குழி மண்ணுதான் சார். வேற மண்ணு போடல."

"சாட்சி சொல்ல வருவேன், எல்லப்பன்."

"வா. இன்னா நடந்துச்சோ சொல்லு. ஆனா அதுக்கு முன்னால கட்டடத்தைக் கட்டு; இது மாசமா கீது." செல்லம்மாளின் பக்கம் தாடையை ஆட்டினான்.

"மதகடியில நாளைக்கே தாவீது நூல் பிடிப்பார்."

எல்லப்பன் தாவீதைத் திரும்பிப் பார்த்தான். பிறகு மேட்டுக்குத் திரும்பினான். எஞ்சிய உடலை மண்வெட்டியால் வெட்டி, அங்கே இன்னும் திறந்து கிடந்த அஸ்திவாரக் குழிக்குள் தள்ளினான். குழி நிறைந்ததும் இடிக்கும் தடியைத் தூக்கினான். அவசரமில்லாமல், ஒரே தாளத்தில், மண்ணை இடிக்கத் தொடங்கினான். ஒவ்வோர் இடிக்கும் லூர்துராஜின் வலக்கை விரல்கள், மடங்க முடிந்த அளவுக்கு, மடங்கின. குழி மூடும்வரை அவர் அங்கேயே நின்றார்.