ஜூம் செய்ததில் போன தலை

கம்ப்யூட்டரில் வீடியோவை ஜூம் செய்தால், திரைக்கு வெளியே போகும் பகுதி கத்தரித்த துணி மாதிரி ஒரேயடியாகப் போய்விடும் என்றுதான் நம்பியிருந்தேன்.

எங்கள் கடைக்குட்டிக்குத் திருவொற்றியூரில் தெருவிலேயே பந்தல் போட்டுக் காது குத்தினோம். எடுத்த வீடியோவில், பின்னால் நின்ற கன்டெய்னர் லாரி எல்லாக் காட்சியிலும் தெரிந்தது. அதை மறைக்க எடிட்டிங்கில் படத்தைப் பெரிதாக்கிச் சேமித்தேன். லாரி போனது. குழந்தையை மடியில் வைத்திருந்த தாய்மாமன் தலையும் கூடவே போனது.

"இன்னாயா, எங்கண்ணன் மடி மட்டும் கீது, தலையக் காணோம்? சாயங்காலம் வீடியோ பாக்க வருதே" என்றாள் மனைவி.

உடனே மச்சானுக்குப் போன் போட்டேன்.

"மச்சான், அன்னிக்குப் போட்ட சட்டையவே மாட்டிகினு வா. இன்னொரு தபா மடி குடுக்கணும்."

"யாருக்கு, உனக்கா? காது குத்திக்கப் போறியா?"

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "பெருசாக்குனத சின்னதாக்கித்தான் பாரேன்யா."

ஜூம் அளவை மறுபடி நூறு சதவீதத்துக்கு இறக்கினேன். மச்சானின் தலை, மீசை, லாரி எல்லாம் அப்படியே இருந்தன. ஜூம் எதையும் வெட்டவில்லை, காட்டுவதைத்தான் மாற்றியிருந்தது. கேமராவில் எடுத்த ஃபைலை அது தொடவேயில்லை.