நீலமான்னு கேட்டுண்டு வா

தின்னரும் பழைய பெயின்ட் தூளும் கலந்த நெடி மூக்கில் ஏறினால் இன்றைக்கும் நான் எழுந்து நகர்ந்துவிடுவேன். அது சாணக்யபுரியில் ஒரு பங்களாவின் பின்பக்கக் கொட்டகை நெடி. அங்கேதான், எனக்கு ஒன்பது வயதில், ஒரு பழைய கார் ஏலத்துக்கு வந்தது.

எழுபதுகளின் கடைசி அது. நாங்கள் தலைநகரில், சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா சைக்கிளில் ஆபீஸ் போகிற குமாஸ்தா. ஆனால் பழைய கார் என்றால் சோறு தண்ணி வேண்டாம் அவருக்கு. அந்தக் காரின் பதிவுப் புத்தகத்தில் நிறம் நீலம் என்று இருந்தது, வண்டியோ கறுப்பு. கறுப்புக்கு அடியில் முதல் பூச்சு நீலமாக இருந்தால் அசல் வண்டி, கரோல் பாக் வியாபாரி ஒருவர் அந்த வாரமே இரண்டு மடங்கு கொடுத்து எடுத்துக்கொள்வார். வேறு நிறம் என்றால் உடம்பையே மாற்றிய வண்டி, இரும்பு விலைதான். மாயவரத்தில் நடக்கவிருந்த சித்தி கல்யாணத்துக்காக அம்மா சேர்த்து வைத்திருந்த பணத்தை அப்பா கேட்டபோது, "ஆழம் தெரியாம காலை விடாதேங்கோ" என்று சொல்லிக்கொண்டேதான் எடுத்துக் கொடுத்தாள்.

கொட்டகையில் மிஸ்திரி, அதாவது மெக்கானிக், ஒருவர் கதவு ரப்பரைப் பிரித்துச் சுரண்ட ஆரம்பித்ததுமே முன்புறம் ஏலம் தொடங்க மணி அடித்துவிட்டார்கள். அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு நாற்காலியைப் பிடிக்க ஓடினார், கொஞ்ச நேரத்தில் என்னைக் கிட்டே இழுத்து, "அடியில நீலமான்னு மிஸ்திரியைக் கேட்டுண்டு வா, ஜல்தி!" என்றார்.

எங்கள் வீட்டில் நிறத்தை யாரும் நீலம் என்று சொன்னதில்லை. 'ப்ளூ பாவாடை', 'ப்ளூ வாளி' என்றுதான் பேச்சு. ஆனால் காலையிலிருந்து அங்கே எல்லார் வாயிலும் ஒரே சொல், 'நீலாம்'. ஹிந்தியில் ஏலம் என்று அர்த்தம். அப்பா அதைத்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அதை எதற்குக் கேட்க வேண்டும் என்று மட்டும் புரியவில்லை. பெரியவர்கள் கேட்பது எதுதான் புரிந்தது?

"மிஸ்திரிஜி, யே நீலாம் ஹை?" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "ஔர் க்யா பேட்டி, நீலாம் ஹி தோ ஹை!" பின்னே என்ன மகளே, ஏலம்தானே என்று அர்த்தம். மூச்சிரைக்கத் திரும்பி ஓடி வந்து, "ஆமாம்ப்பா, நீலாம்தான்!" என்றேன். அப்பாவின் கை உயர்ந்தது. மூன்று முறை உயர்ந்தது. சுத்தியல் விழுந்தது.

பணம் கட்டிய பிறகு மிஸ்திரி கையைத் துடைத்தபடி வந்தார். "பாபுஜி, நீச்சே தோ ஹரா நிக்லா." அடியில் பச்சை. அப்பா என்னைப் பார்த்தார், நான் மிஸ்திரியைப் பார்த்தேன், மிஸ்திரி ஒன்றும் விளங்காமல் எங்கள் இருவரையும் பார்த்தார்.

வீட்டில் அப்பா, "எனக்குத்தான் கண்ணு சரியாத் தெரியலை" என்று மட்டும் சொன்னார். என் பெயரை எடுக்கவே இல்லை. சித்தி கல்யாணத்துக்கு நாங்கள் போகவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, மிஸ்திரியிடம் நான் நீலாமா என்று கேட்டதை யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது அப்பாவும் இல்லை, சித்தியும் இல்லை. அந்தப் பங்களாவையும் இடித்துவிட்டார்கள். எனக்குத்தான் இன்னும் தெளியவில்லை. ஆபீஸில் இருபது வருஷம் ஹிந்தியில் கோப்பு பார்த்தவருக்கு, அங்கேயே நாள் முழுக்கக் காதில் விழுந்த 'நீலாம்' எப்படி நீலமாகக் கேட்டிருக்கும்?

போன மாதம் எல்லாவற்றையும் அம்மாவிடம் சொல்லி, தப்பு யார் மேல் என்று கேட்டேன். "யாராவது ஆமாம்னு சொல்ல மாட்டாளான்னு காத்துண்டிருந்திருப்பார். நீ சொன்னே, அவ்வளவுதான்" என்றாள். பிறகு, "அந்தக் கல்யாணத்துக்குன்னு ஒரு பட்டுப் புடவை எடுத்தேனே, அது என்ன கலர்டீ?" என்றாள்.

எனக்கு நினைவில்லை. அவளுக்கும் நினைவில்லை.