ஸ்தோத்திர பலிக்கு ஓர் ஆடு

குடல் கழுவிப் பிழைக்கிறவளுக்கு ரத்தத்தைக் கண்டால் குமட்டும் என்று சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்? ஆந்திர எல்லையோரத்து நகரியில் ஒருத்தரும் நம்பவில்லை. தனபாக்கியமும் யாரையும் நம்பவைக்க மெனக்கெடவில்லை. சலீம் பாயின் கறிக்கடைக்குப் பின்னால், தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து, விடிந்ததிலிருந்து ஆட்டுக் குடலைத் திருப்பிப்போட்டு, உப்பும் சுண்ணாம்பும் வைத்துத் தேய்த்து, தண்ணீர் தெளியும்வரை அலசுவது அவள் வேலை. புருஷன் போன பிறகு பிள்ளையை வளர்க்க அந்த வேலைதான் அகப்பட்டது, செய்தாள். ஆனால் வாயில் ஒரு துண்டு கறி வைத்ததில்லை. "குடல்காரம்மா சைவமாம்" என்று பஜாரில் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே. ஒருநாள் அந்தக் குடல் அலசுகிற டப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டு அப்புறம் சிரிக்கட்டும்.

அந்த அருவருப்பு அவளுக்குக் கல்யாணத்தோடு வந்தது. நகரிக்கு வெளியே ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டாள். அந்த ஊர் கங்கையம்மன் ஜாத்திரையில் பொலி போடும் உரிமை அவள் புருஷன் வீட்டுக்கு. வெட்டிய ஆடுகளின் ரத்தத்தைப் பிடித்து, வடித்த சோற்றில் கொட்டிப் பிசைந்து, ஊர் எல்லையைச் சுற்றி இறைத்துக்கொண்டே போவார்கள், அதுதான் பொலி. நோய் நொடி எல்லை தாண்டி வராதாம். பிசைய வேண்டியது வீட்டு மருமகள். ரத்தமும் சூடு, சோறும் சூடு. முதல் தடவை கையை உள்ளே விட்ட தனபாக்கியம் சடக்கென்று வெளியே இழுத்துக்கொண்டாள். மாமியார்க்காரி பக்கத்தில் நின்று, "பெசைமே, பெசை. இந்த மரியாத எல்லாருக்கும் கெடைக்குமா?" என்றாள். நல்ல மரியாதை. நகக்கண்ணில் ஏறிய அந்தச் சிவப்பு போன பிறகும்கூட, பல நாள் அந்தக் கையால் சாதம் பிசைய அவளால் முடியவில்லை. கரண்டியால் தின்றாள். பட்டணத்துக்காரி மாதிரி நடிக்கிறாள் என்று அதற்கும் ஒரு பேச்சு.

வருஷா வருஷம் பிசைந்தாள். புருஷன் குடித்துக் குடித்து ஈரல் வெந்து செத்தான். அடுத்த ஜாத்திரையில் மாமியார் அவளைத் தடுத்து நிறுத்தினாள். "தாலி அறுத்தவ தொடக்கூடாது. தீட்டு." தனபாக்கியத்துக்குச் சந்தோஷப்படுவதா, அழுவதா என்று தெரியவில்லை. சட்டியில் ஈ மொய்த்துக்கொண்டு கிடக்கிற ரத்தம் சுத்தமாம், அதைத் தொட இவள் கை தீட்டாம். இதென்னடா கணக்கு என்று வயிறெரிந்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நகரிக்கு வந்தவள் அந்த ஊர்ப் பக்கம் திரும்பவில்லை.

வந்த இடத்தில்தான் கிரண்குமார் பாஸ்டரின் ஜெபவீடு இருந்தது. ஓடாமல் நின்றுபோன பவர்லூம் ஷெட் அது. பாஸ்டர் சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரர், வயதில் சின்னவர், மெல்லிய குரல். நகரியில் கேட்கிறவர்களில் பாதிப்பேர் தமிழ். அதனால் அவர் தெலுங்கில் ஒரு வரி சொல்ல, பக்கத்தில் நின்று கங்கையா அதைத் தமிழில் சொல்வார். கங்கையா நிலபுலம் உள்ள மனிதர், சபை மூப்பர். ரட்சிக்கப்படுவதற்கு முன்னால் ஜாத்திரையில் கத்தி பிடித்தவர். அந்த ஜாத்திரைக் குரல் இன்னும் அவரை விட்டுப் போகவில்லை. பாஸ்டர் முணுமுணுப்பது கங்கையாவின் வாயில் தண்டோராவாக வெளியே வரும்.

தனபாக்கியம் ஒரு மத்தியானம் வெயிலுக்கு ஒதுங்கி அந்த ஷெட் வாசலில் நின்றாள். உள்ளே பழைய காலத்து எருசலேம் ஆலயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஆசாரியர்கள் தினம் தினம் ஆடும் மாடும் அறுத்தார்களாம். உட்கார ஒரு நாற்காலிகூடக் கிடையாதாம், நின்றுகொண்டே இருக்க வேண்டுமாம். ஏன் என்றால் அந்த வேலை முடியவே முடியாது. இன்றைக்கு அறுத்தாலும் நாளைக்குப் பாவம் மறுபடி வந்து நிற்கும். அப்புறம் ஒருத்தர் வந்து, ஆட்டைக் கொண்டுவராமல் தன்னையே கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரே தபா," என்று கங்கையாவின் குரல் ஷெட்டை அதிர வைத்தது. "அதோட முடிஞ்சிது. இனிமே ஆட்டு ரத்தமும் வாணாம், மாட்டு ரத்தமும் வாணாம்."

தனபாக்கியம் அங்கேயே தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பாவம், மோட்சம் எல்லாம் அவளுக்கு அப்புறம். ரத்தம் வேண்டாம் என்று ஒரு சாமி சொல்லிவிட்டதே, அது போதும். ஆற்றில் தண்ணீர் ஓடாத வருஷம், யாரோ ஒருவரின் பம்புசெட் தொட்டியில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தாள்.

சபையிலும் ரத்தம் ரத்தம் என்றுதான் பாடினார்கள். முதலில் திடுக்கென்றது. பாஸ்டரிடம் கேட்டாள். "அது பாட்டுல இருக்கற ரத்தம், தல்லி," என்றார் அவர், தனக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழில். 'அம்மா' என்பதற்கு அவர் தெலுங்கில் 'தல்லி' என்றுதான் சொல்வார். "ஒரு தடவ சிந்தினதுதான். இனி யாரும் சட்டியில புடிக்கத் தேவல." அந்தப் பேச்சுக்காகவே அவளுக்கு அவரைப் பிடித்துப்போனது. ஆறு நாளும் ரத்தத்தில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு உலகத்தில் ரத்தம் இல்லாத இடம் அந்த ஷெட் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை சலீம் பாய் கடையில் கூட்டம் அலைமோதும், இரட்டைக் கூலி தருகிறேன் என்பார். அவள் அசைய மாட்டாள். மகன் ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையில் வேலைக்குப் போன பிறகு, மருமகள் யமுனாவையும் கூடவே சபைக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். யமுனாவுக்கு இப்போது வயிற்றில் ஐந்து மாசம். மாமியார் எங்கே உட்காருகிறாளோ அங்கே உட்காரும் பெண் அது.

ஷெட்டுக்குப் பதிலாகக் கங்கையா தன் இடத்தில் புது ஆலயம் கட்டிக்கொடுத்தார். டைல்ஸ் தரை, கிரானைட் வாசற்படி. பிரதிஷ்டைக்கு முந்தின ஞாயிறு, பாஸ்டர் பிரசங்கத்தை முடிக்கும்போது சொன்னார்: "கொத்த மந்திரம்லோ தேவுனிக்கி ஸ்துதியாகம் செல்லித்தாம்."

"புது ஆலயத்துல ஆண்டவருக்கு ஸ்தோத்திர பலி குடுப்போம்," என்றார் கங்கையா.

மொழிபெயர்ப்பில் ஒரு குற்றமும் இல்லை. தமிழ் வேதத்தில் அப்படித்தான் இருக்கிறது. வாயால் துதித்துப் பாடுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள், உதடு செலுத்துகிற பலி அது. ஆனால் சொன்ன கங்கையாவுக்கே அந்த வார்த்தை காதில் விழுந்ததும் கை துறுதுறுத்துவிட்டது போலும். ஆராதனை முடிந்து எல்லாரும் எழுந்தபோது மைக்கைக் கீழே வைக்காமல், "ஆடு என்னோட காணிக்க," என்று அறிவித்தார்.

ஒருத்தர், "ஆடா, எதுக்குண்ணா?" என்று கேட்டார்.

"யாகம்னா ஐயருங்க நெய் ஊத்தறது. பலின்னா ஆடு. இதுகூடத் தெரியாதா? எகிப்துல இன்னா பண்ணாங்க, சாவு உள்ள வராம இருக்க வாசக்கால்ல ரத்தம் பூசினாங்கல்ல? அதே மாதிரி பூசிட்டு உள்ள போவோம். பின்னால பிரியாணி."

பிரியாணி என்றதும் அல்லேலூயா என்றது சபை. சே, ஒரு ஆளுக்காவது வாயைத் திறந்து கேட்கத் தோன்றியதா? பாஸ்டர் சிரித்த முகத்தோடு வேதத்தை உறையில் போட்டுக்கொண்டிருந்தார்.

தனபாக்கியம் அவரை மறித்தாள். "ஐயா, நீங்க ஆடுன்னா சொன்னீங்க?"

"நேனு சொன்னது வேற, தல்லி. அவரு புரிஞ்சிக்கினது வேற."

"அப்ப அத்தச் சொல்லுங்க அவர்கிட்ட."

பாஸ்டர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "எடம் அவரோடது. கட்டினது அவரு. பெரிய மனசோட செய்யறாரு. ஜனங்க சாப்பாடுன்னு நெனச்சிக்கட்டும், அவ்ளோதான்."

"வாசக்கால்ல பூசறது சாப்பாடா ஐயா?"

அவர் வண்டிச் சாவியைத் தேடினார். சட்டைப் பையில்தான் இருந்தது, எல்லாருக்கும் தெரிந்தது.

வாசலில் கங்கையா பிடித்துக்கொண்டார். "தனபாக்கியம், கொடலு உன் பொறுப்பு. தொழில் தெரிஞ்சவ நீ."

"ஞாயித்துக்கெழம நான் கொடலு தொடறதில்லண்ணா."

"ஆண்டவருக்குச் செய்யறதுமே."

"ஆண்டவரு கேட்டாரா?" என்று சொல்லிவிட்டு நடந்தாள். போகாமல் இருந்துவிடலாம் என்று அந்த வாரம் முழுக்க நினைத்தாள். ஆனால் புது ஆலயத்தில் முதல் திருவிருந்து, ஆண்டவரின் உடலென்று அப்பம் தருவார்கள். அந்த அப்பத்தை விட்டுவிட மனசு வரவில்லை. ஒருவேளை பாஸ்டர் கடைசி நேரத்தில் தைரியம் வந்து தடுத்துவிடுவார் என்று ஒரு நப்பாசையும் இருந்தது. தடுத்தால் இந்த இடம் அவளுக்கு மிஞ்சும். இல்லாவிட்டால் அவளுக்கு ஜாத்திரையும் ஒன்றுதான், ஜெபவீடும் ஒன்றுதான்.

பிரதிஷ்டை அன்றைக்குக் காலையில் ஆட்டைப் பார்த்ததுமே நப்பாசை போயிற்று. கழுத்தில் சாமந்தி மாலை. வந்த பெரிய மனிதர்களுக்குப் போட வாங்கியதில் ஒன்று. கங்கையா வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாட்டில் தண்ணீரை ஆட்டின் முதுகில் தெளித்தார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. தனபாக்கியத்துக்கு நன்றாகத் தெரியும் எதற்கு என்று. உடம்பைச் சிலிர்த்து உதறினால் ஆடு உத்தரவு கொடுத்துவிட்டதாக அர்த்தம், ஜாத்திரையில் அதற்குப் பிறகுதான் வெட்டுவார்கள். ஆடு துலுக்கியது. முதுகில் தண்ணீர் பட்டால் எந்த ஆடு துலுக்காது? "அல்லேலூயா" என்று கத்தினார்கள். வார்த்தை மட்டும்தான் புதுசு.

கிரானைட் படியின்மேல் வெட்டினார். எவர்சில்வர் பேசினில் ரத்தத்தைப் பிடித்தார்கள். கங்கையா பாஸ்டரின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். "நீங்கதான் ஆசாரியரு. நீங்கதான் பூசணும்." பாஸ்டர் ஒரு நொடி கூசினார், அதைத் தனபாக்கியம் பார்த்தாள். அப்புறம் அந்தக் கை பேசினுக்குள் போயிற்று. விரலை நனைத்து, பளபளவென்று வார்னிஷ் அடித்த தேக்கு நிலையில் இந்தப் பக்கம் ஒரு கோடு, அந்தப் பக்கம் ஒரு கோடு, மேலே ஒரு கோடு இழுத்தார். போன் வைத்திருந்தவர்கள் எல்லாம் வீடியோ எடுத்தார்கள். மேலே பூசியது ஒழுகி அவர் வெள்ளைச் சட்டையின் கைப்பட்டையில் சொட்டியது.

செருப்பைக் கழற்றிவிட்டு எல்லாரும் படியை மிதித்துக்கொண்டு உள்ளே போனார்கள். புது டைல்ஸில் சிவப்புச் சிவப்பாய்ப் பாதங்கள். அந்தப் பாதங்களுக்கு நடுவில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். வெளியே ஈ, உள்ளேயும் ஈ. ரத்தத்தின் மகிமையைப் பற்றி அன்றைக்கு ஒரு பாட்டுக்கு மூன்று பாட்டு பாடினார்கள். தனபாக்கியம் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் யமுனா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

திருவிருந்து வந்தது. பாஸ்டர் தட்டில் அப்பத்தை ஏந்தி, ஒவ்வொருவர் வாயிலும் ஒரு துண்டாக வைத்துக்கொண்டு வரிசையில் வந்தார். பின்னால் கங்கையா திராட்சை ரசக் கோப்பைகளோடு. தனபாக்கியத்தின் முன்னால் குனிந்து அவர் அப்பத்தைப் பிட்டபோது அந்த விரல்கள் அவள் கண்ணுக்கு நேராக வந்தன. கைக்குட்டையில் துடைத்திருந்தார். துடைத்தால் போகிற சரக்கா அது? நகக்கண்ணில், விரல் மடிப்பில் கறுத்துப்போய் அப்படியே இருந்தது.

"கை கழுவிக்கினு வாங்க ஐயா," என்றாள் அவள், தாழ்ந்த குரலில்தான்.

"ப்ரார்த்தன நேரம், தல்லி. வாயத் தொற."

"கொழா வெளியவே கீது. நான் காத்துக்கினு இருக்கறேன்."

பாட்டு நின்றுபோனதால் எல்லாருக்கும் கேட்டுவிட்டது. கங்கையா குனிந்தார். "இன்னாமே பேசற? அது பலி ரத்தம். பரிசுத்தம். அத்தப் போயி கழுவச் சொல்றியே. கொடலு கழுவற கையி, உனுக்கு இன்னா அவ்ளோ சுத்தம்?"

யாரோ சிரித்தார்கள். தனபாக்கியம் கங்கையாவின் பக்கம் திரும்பவே இல்லை. பாஸ்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தன் கையைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். இப்போது எழுந்து போய்விடுவார், ஒரு சொம்புத் தண்ணீர், அவ்வளவுதானே என்று அவள் காத்திருந்தாள். அவர் கங்கையாவைப் பார்த்தார். பிறகு பிட்ட துண்டை அப்படியே யமுனாவின் பக்கம் நீட்டினார்.

யமுனா மாமியாரைப் பார்த்தாள், பாஸ்டரைப் பார்த்தாள். அத்தனை பேர் பார்க்கையில் பயந்துபோய் வாயைத் திறந்தாள். அவர் வைத்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போனார்.

தூ, இவனையா ஐயா ஐயா என்று கும்பிட்டோம் என்று தனபாக்கியத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை வருஷமாய்க் குடலில் பார்க்காத அசிங்கம் அந்த வெள்ளைச் சட்டைக்குள் இருந்தது. பாயை விட்டு எழுந்தாள். யமுனாவும் கூடவே எழுந்தாள். யாரும் தடுக்கவில்லை. படியை மிதிக்காமல் தாண்ட இரண்டு பேராலும் முடியவில்லை.

வெளியே வேப்ப மரத்தடியில் நின்றதும் யமுனாவின் முகம் கோணியது. அப்பம் இன்னும் வாயில்தான் இருந்தது, விழுங்கவில்லை. பேச்சுக் குழறியது.

"அத்தே, உப்புக் கரிக்குது."

தனபாக்கியம் உள்ளங்கையைக் குவித்து அவள் வாய்க்குக் கீழே நீட்டினாள்.

"துப்புமே. கீழ வாணாம், அது ஆண்டவரோட அப்பம். எங் கையில துப்பு."

யமுனா துப்பினாள்.